திரையின் இடப்பக்கம்

என் தம்பி தலைசீவினால் வலது பாதியை மட்டும்தான் சீவுவான். சவரம் செய்தால் வலது கன்னம் பளபளக்கும், இடது கன்னத்தில் போன வாரத்துத் தாடி அப்படியே நிற்கும். கண்ணாடியில் திருப்தியாக ஒரு தடவை பார்த்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி வெளியே வருவான். எதிரில் வருகிறவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னைப் பார்ப்பார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்காத ஆளே கிடையாது. அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், நாங்கள் கண்ணைக் காட்டாமலா இருப்போம்? கண் இரண்டும் நன்றாக இருக்கின்றன. தலைக்குள் வலது பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன, பேச்சு தெளிவாக வருகிறது. ஆனால் இடது பக்கம் என்ற ஒன்று அவன் உலகத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டது. கண் பார்க்கத்தான் செய்கிறது, மூளை அதை வாங்கிக்கொள்ள மறுக்கிறது என்றார் டாக்டர். தட்டில் வைத்ததில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்பான். தட்டைத் திருப்பி வைத்தால், இப்போது வந்ததாக நினைத்து மிச்சத்தைச் சாப்பிடுவான்.

இதையாவது தாங்கிக்கொள்ளலாம். தனக்கு இப்படி ஒரு குறை இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது, அதுதான் எங்களைக் கொன்றது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். இவன் கதை அதற்கு நேர் எதிர். பாதி உலகம் இருண்டு கிடக்கிறது, இவனோ எல்லாம் நல்ல வெளிச்சம் என்கிறான். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டால் கதவைத்தான் திட்டுவான். இவனாக உணர்ந்தால் ஒழிய இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சாமி கும்பிடும்போதெல்லாம் நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். இவனுக்குப் புரியட்டும், அது போதும்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை, இவன் ஒருவன்தான் எனக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து இவனைக் கூட்டிவந்த அன்றே என் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிட்டேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் சாயங்காலம் வரை நான் இவனைப் பார்த்துக்கொள்வேன். அவன் மனைவி கடையிலிருந்து வந்ததும் பொறுப்பு கைமாறும்.

இவன் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. சின்ன வயதில் ஒரு சரக்குக் கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போனான். வந்தது இத்தனை, போனது இத்தனை, இருப்பது இத்தனை. மூன்றும் ஒத்துவராவிட்டால் வீட்டுக்கு வரமாட்டான். ஒரு மூட்டை குறைகிறது என்று முழுக் கிடங்கையும் இறக்கி ஏற்றச் சொல்லிக் கூலியாட்களிடம் வசவு வாங்கியவன். அந்தக் கிடங்குக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, மற்றவர்கள் அதைத் துடைத்து மூடி வைத்தார்கள், இவன் அதைத் திறந்து நோண்டினான். நோண்டி நோண்டி, கிடங்குகளுக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதித் தருகிற கம்பெனியிலேயே போய் உட்கார்ந்துவிட்டான். பதினைந்து வருஷத்துக்கு மேல் அதே நாற்காலி. எங்கள் வம்சத்தில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் இவன்தான் என்று நான் கேலி செய்வேன், நானும் உட்கார்ந்துதான் வேன் ஓட்டுகிறேன் என்பதை மறந்துவிட்டு.

இவன் எழுதுகிற மொழியில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால், இடது ஓரத்தில் எவ்வளவு காலி இடம் விடுகிறோமோ அதற்கும் அர்த்தம் இருக்கிறதாம். ஒரு வரி நாலு இடம் தள்ளி நின்றால் மேலே உள்ள வரிக்கு அது பிள்ளை. ஓரத்தோடு ஒட்டி நின்றால் தனிக்குடித்தனம். இடம் மாறிப்போனால் மொத்தக் கணக்கும் மாறிவிடும். காலி இடத்துக்காக ஆபீசில் இவன் போட்ட சண்டைகள் பிரசித்தம். வீட்டிலும் செருப்பு வரிசையில் ஒன்று விலகியிருந்தால் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவனுக்குக் கடவுள் எந்த ஓரத்தைப் பார்த்துப் பறித்தான் என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இவன்தான் பாடம் எடுப்பான். முதல் நாள் ஒரு எழுத்துக்கூட எழுதவிட மாட்டான். நிரல் எழுதுகிற எடிட்டரைத் திறந்து வைத்து, அந்தத் திரையில் எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுப்பான். அடுப்பங்கரையில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் சமைக்கப் போகக்கூடாது என்பது இவன் கட்சி. அதிலும் ஒரு வித்தை காட்டுவான். திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பிள்ளைகள் முகத்தைப் பார்த்தபடி, திரையைப் பார்க்காமலே ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர்தான் இப்போது இவன் பிரிவுக்குத் தலைவர். ஒல்லி என்று இவன் வைத்த பெயர் இன்னும் நிற்கிறது, ஒல்லிதான் எப்போதோ காணாமல்போய்த் தொப்பை வந்துவிட்டது.

அந்த ஒல்லி ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், காப்பியைக்கூடக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. மருத்துவ விடுப்பு முடிகிறது, மேலிடத்தில் கேட்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு காலை வேளை ஆபீசுக்கு வந்து அவன் நாற்காலியில் உட்காரட்டும். சின்னப் பிழை ஒன்று கொடுப்பார்கள். அதைத் தனியாகக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் வேலையில் தொடரலாம். முடியாவிட்டால் உடல்நிலை காரணமாக விலக்கிவிடுவார்கள். இதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். என் தம்பி சிரித்தான். இதற்கா இவ்வளவு தயக்கம், நாளைக்கே வருகிறேன் என்றான்.

நானும் அவன் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேலை போனால் சாப்பாட்டுக்குக் குறை ஒன்றும் வந்துவிடாது, அவள் இருக்கிறாள், நான் இருக்கிறேன். ஆனால் அந்த வேலையை எடுத்துவிட்டால் இவனிடம் என்ன மிச்சம் இருக்கும்? பாதி முகம் சவரம் செய்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஆளாகக் காலம் முழுக்க இவனை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒல்லி போவதற்கு முன்னால் வீட்டு லேப்டாப்பில் அந்த எடிட்டரை வைத்து, எங்களுக்கும் அதைக் காட்டிக்கொடுத்தார். இடது ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களாக ஒரு பட்டை. அதை ஒட்டி ஃபைல்களின் வரிசை, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக. நடுவில் எழுதுகிற இடம், அதன் இடது விளிம்பில் வரி எண்கள். மேலே திறந்திருக்கிற ஃபைல்களின் பெயர் தாங்கிய டேப்கள். வலது ஓரத்தில் முழு ஃபைலும் எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துத் தெரிகிற ஒரு துண்டு. எழுதியதை ஓட்டிப் பார்த்தால் விடை வந்து விழுவதற்குக் கீழே ஒரு கறுப்புக் கட்டம், அதற்கு டெர்மினல் என்று பெயர். வேன் ஓட்டுகிறவளும் கண்ணாடி விற்கிறவளும் அதை மனப்பாடம் செய்தோம்.

அன்று சாயங்காலமே அவன் மனைவி அவனை மேஜை முன் உட்கார வைத்து, புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்வதுபோலத் தனக்குச் சொல்லும்படி கேட்டாள். உற்சாகமாக ஆரம்பித்தான். வலது ஓரத்தில் சிறுத்த துண்டு, அதை ஒட்டி மேலும் கீழும் நகர்த்துகிற பட்டை, நடுவில் எழுதுகிற இடம். அங்கே நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை என்றான். ஃபைல்கள் எங்கே இருக்கும் என்று அவள் கேட்டாள். இருக்கும் என்றான். எங்கே என்றாள். திரையின் வலது பக்கம் முழுக்கத் தேடிவிட்டு, யாரோ எடுத்துவிட்டார்கள், நீ தொட்டாயா என்று அவள்மேல் பாய்ந்தான். லேப்டாப்பை மூடிவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு நினைவிலிருந்து சொல்லச் சொன்னோம். நினைவிலும் அதே வலது பாதிதான் இருந்தது. அவனுக்குள்ளேயும் பாதிதான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் விடவில்லை. பழைய வித்தையைக் காட்டச் சொன்னாள். அவன் எழுந்து லேப்டாப்புக்குப் பின்னால் போய் நின்றான். எங்கள் முகத்தைப் பார்த்தான்.

"முதல்ல படப் பட்டை. அதுக்குப் பக்கத்துல ஃபைல் வரிசை. அப்புறம் வரி எண். அந்த எண்ணுக்குப் பக்கத்துல காலி இடம், அதுலதான் நம்ம உசுரே இருக்கு. அவ்வளவுதான்."

எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்த இடது ஓரம் இவனுக்கு வலது பக்கமாகிவிட்டது. தொலைந்தது அத்தனையும் வந்துவிட்டது. சிறுத்த துண்டும் நகர்த்துகிற பட்டையும் போய்விட்டன. மறுநாள் அவனுக்குச் சிகிச்சை கொடுக்க வருகிற பெண்ணிடம் இதைச் சொன்னோம். அவள் தலையாட்டினாள். எதுவும் அழியவில்லை, எல்லாம் உள்ளே இருக்கிறது, எட்டத்தான் முடியவில்லை என்றாள். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த எடிட்டரில் ஃபைல் வரிசையை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஒல்லிதான் போனில் சொல்லிக்கொடுத்தார். மாற்றினோம். தம்பி டக்கென்று ஃபைலைத் திறந்தான். அவன் மனைவி என் தோளில் சாய்ந்து சிரித்தாள், நானும் சிரித்தேன், பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே விழுவான் என்பது ஊருக்கே தெரியும்.

ஏனென்றால் எழுதுகிற இடத்தை எங்கே நகர்த்தினாலும் அதற்கும் ஒரு இடது பக்கம் இருந்தது. முழுக் கட்டத்தையும் சுருக்கித் திரையின் வலது மூலையில் ஒட்டி வைத்தால், அந்த மூலைக்குள்ளேயும் வலது பாதியைத்தான் பார்த்தான். ஒவ்வொரு வரியின் தொடக்கமும் அவனுக்குக் கிடையாது. அதைவிட மோசம், இல்லாததை அவனே இட்டு நிரப்பிக்கொள்வான். ஒருநாள் பேப்பரில் 'அநியாய விலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை, நியாய விலை, பரவாயில்லையே என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான். நிரலிலும் அப்படித்தான். சரக்கு இல்லாவிட்டால் தகவல் அனுப்பு என்கிற வரியில், ஆங்கிலத்தில் எழுதுவதால், அந்த 'இல்லை' இடது பக்கம் நிற்கும். அது இவனுக்கு விழாது. சரக்கு இருந்தால் என்று படிப்பான், அதுவும் அர்த்தமாகத்தான் இருக்கும். மேலே போய்விடுவான்.

சிகிச்சைக்காரப் பெண் ஒரு வழி சொன்னாள். இடது விளிம்பில் பளிச்சென்று ஒரு சிவப்பு நாடாவை ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வரியைப் படிக்கும் முன்பும் அந்தச் சிவப்பு தட்டுப்படும் வரை தலையைத் திருப்பித் தேடப் பழக்க வேண்டும். அவன் மனைவி கடையிலிருந்து நாடா கொண்டுவந்து ஒட்டினாள். அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, விரலால் மேஜையைத் தட்டி, "சிவப்பு" என்பாள். அவன் திரும்புவான், வரி முழுதாகக் கிடைக்கும். அடுத்த வரிக்கு மறந்துவிடுவான். மறுபடி தட்டி, "சிவப்பு" என்பாள். சாயங்காலம் வந்து கைப்பையைக்கூட இறக்காமல் ஆரம்பித்தால், அவன் சலித்துக்கொள்ளும் வரை அந்த ஒரு சொல்தான் வீட்டில் கேட்கும். கடையிலும் யாரோ கண்ணாடிச் சட்டம் கேட்டபோது சிவப்பு என்று சொல்லிவிட்டு அசடு வழிந்ததாகச் சொன்னாள்.

அவன் அவளைத் திட்டினான். எனக்குத் தெரிந்த வேலையை எனக்கே சொல்லித்தருகிறாயா, என் ஃபைல்களைக் கலைத்துவிட்டு என்னை நோயாளி ஆக்கப் பார்க்கிறாயா என்றெல்லாம் கேட்டான். அடிபட்ட மூளை பேசுகிறது, புருஷன் பேசவில்லை என்று நான் அவளைத் தேற்றுவேன். என் வாய் தேன் தடவியது இல்லை என்பதால் அது தேறுதலாகவே இருக்காது.

ஒருநாள் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் மேஜையில் இருந்தார்கள். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டதே என்று திரும்பிப் பார்த்தேன். அவள் அவனுக்கு இடது பக்கம் அதே நாற்காலியில், முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அவன் முழங்கை அவள் முழங்கையில் படுகிற தூரம்தான். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அவ எங்க போனா? இவ்வளவு நேரம் இங்கதான இருந்தா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவனைச் சுற்றி வந்து வலது பக்கம் நின்று, இதோ வந்துவிட்டேன் என்றாள். தண்ணீர் வேண்டும் என்றான். கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவளைப்போல ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை, எங்கள் வீட்டில் அதெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை.

மாதம் முடிகிற நேரத்தில் ஒரு மாற்றம் வந்தது. தட்டாமலே சில வரிகளுக்குத் தலை திரும்பியது. பிறகு பல வரிகளுக்கு. ஏன் திரும்புகிறாய் என்று கேட்டால், அவள் தொந்தரவுக்காக என்பான். காரணம் என்னவாக இருந்தால் என்ன, தலை திரும்பினால் சரி. கழுத்து வலிக்கிறது என்று அவன் புலம்பியபோது நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

அந்தக் காலை வந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு அதே வேனில் இவர்களை ஏற்றிக்கொண்டு போனேன். ஆபீசில் நீளமான அறை, வரிசையாக மேஜைகள். இடது பக்க வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கையசைத்தார்கள். இவன் ஒருவரையும் பார்க்காமல் ராஜா மாதிரி நடந்தான். ஒரு பெண்ணின் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன்.

ஒல்லி எங்கள் வேண்டுகோளை எல்லாம் ஏற்றுக்கொண்டிருந்தார். ஃபைல் வரிசையை வலது பக்கம் மாற்றி வைத்திருந்தார். நாடா ஒட்டவும் அனுமதித்தார். அவள் குனிந்து, திரையின் இடது விளிம்பில், எழுதுகிற இடம் தொடங்குகிற உயரத்திலிருந்து அது முடிகிற வரை, சுருக்கமில்லாமல் ஒட்டினாள். துணைக்கு ஒருவர் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது என்றார் ஒல்லி. அவள் என்னை உள்ளே இருக்கச் சொன்னாள். தான் இருந்தால் கை தானாகத் தட்டிவிடும் என்றாள். வெளியே நடையில் போய் நின்றுகொண்டாள்.

நான் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பிழை இதுதான்: ஒரு கிடங்கில் சரக்கு அனுப்பியதும் இருப்பு ஒருமுறை குறைய வேண்டும், இந்த நிரலோ அந்தச் சரக்கில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் மறுபடி மறுபடி மொத்தத்தையும் குறைத்துக்கொண்டிருந்தது. அவன் ஃபைலைத் திறந்தான். தலை இடது பக்கம் திரும்பியது. பார்வை நாடாவைத் தொட்டது. வலது பக்கம் வந்தது. அடுத்த வரி, மறுபடி இடது. யாரும் தட்டவில்லை. சொல்வதற்கு ஆளில்லாத இடத்தில் அந்தத் தலை போய்ப் போய் வந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வரியில் நின்றான். இரண்டு தடவை போய் வந்தான். "இவன் இங்க இருக்கக் கூடாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அந்த வரியை நாலு இடம் இடது பக்கமாக இழுத்து வைத்தான். ஒல்லி என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். சரியாகப் பிடித்துவிட்டான்.

செய்தது சரியா என்று ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. அதற்கென்று முன்பே எழுதி வைத்த சோதனைகள் உண்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஓடி, எத்தனை தேறியது என்று கீழே டெர்மினலில் வரும். அழுத்தினான். கறுப்புக் கட்டத்தில் எழுத்துகள் மளமளவென்று ஏறி நின்றன. கடைசி வரியில் '1 ஃபெயில்டு, 7 பாஸ்டு' என்று வந்தது. ஒரு வரியை நகர்த்தியதில் இன்னொரு மூலையில் வேறு ஏதோ இடறியிருக்கிறது. அது சகஜமாம், பார்த்துச் சரிசெய்துவிடலாமாம். பார்த்தால்தானே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாடா எழுதுகிற இடத்தோடு முடிந்துவிட்டது. வீட்டில் ஓட்டிப் பார்க்க அந்தக் கிடங்கு நிரலே இல்லாததால், கீழே உள்ள கட்டத்தை நாங்கள் மூடியே வைத்திருந்தோம். எழுதுகிற இடத்துக்குத்தானே ஓரம் வேண்டும் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். கறுப்புக் கட்டத்துக்குச் சிவப்பு இல்லை.

"முடிஞ்சுது ஒல்லி. எல்லாம் பாஸ்."

ஒல்லியின் சிரிப்பு போய்விட்டது. "அண்ணா, இன்னொரு தடவை பாத்துடுங்க" என்றார். அவன் பார்த்தான். ஏழு பாஸ்டு என்று வாய்விட்டுப் படித்தான், இதில் என்ன சந்தேகம் என்பதுபோல நாற்காலியில் சாய்ந்தான். இடது பக்கம் பாருடா என்று சொல்ல வாயெடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒல்லி, மொத்தம் எத்தனை சோதனை என்று மட்டும் கேட்டார்.

"எட்டு. நான் எழுதினதுதான" என்றான்.

சொன்னவன் அசையாமல் உட்கார்ந்துவிட்டான். ஒரு மூட்டைக்காகக் கிடங்கையே இறக்கி ஏற்றியவன் அவன். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு என்றால் அவனால் எழுந்து போக முடியாது. முன்னால் குனிந்தான். வரியின் வலது முனையில் விரலை வைத்து மெதுவாகப் பின்னால் நகர்த்தினான். விரல் ஏழு வரை வந்தது. அங்கே சுவர் இருப்பதுபோல நின்றுவிட்டது. மறுபடி முனையிலிருந்து வந்தான், மறுபடி ஏழில் நின்றான். சோதனைகள் இருக்கிற ஃபைலைத் திறந்து, நாடாவைப் பார்த்துப் பார்த்து எண்ணினான். எட்டு. கீழே வந்தான். ஏழு.

இத்தனை மாதத்தில் அவன் முகத்தில் நான் எரிச்சல் பார்த்திருக்கிறேன், கோபம் பார்த்திருக்கிறேன். பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

"அக்கா. அங்க ஏதாவது இருக்கா?"

ஒல்லி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இனிப் பேசலாம் என்பது புரிந்தது.

"இருக்குடா. ஒண்ணு ஃபெயில்டுன்னு இருக்கு. ஏழுக்கு இடது பக்கத்துல."

தலையைத் திருப்பினான். எவ்வளவு திருப்புவது என்று காட்ட அங்கே ஒன்றும் இல்லை. பாதியிலேயே நின்று, வலது பக்கமே திரும்பி வந்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை.

"இது மட்டும்தானா? வேற எதுவும் இருக்கா, எனக்குத் தெரியாம?"

"இருக்கு."

"எவ்வளவு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "பாதிடா" என்றேன்.

கணக்கு ஒத்துவந்த ஆள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு கீபோர்டை மெல்லத் தள்ளி வைத்தான். இன்னும் நேரம் இருக்கிறது, நிதானமாகப் பார்க்கலாம் என்று ஒல்லி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் குரல் உடைந்திருந்தது.

"வேண்டாம் ஒல்லி. தெரியலங்கறதே எனக்குத் தெரியல. இந்தக் கையில ஒருத்தரோட கிடங்கக் குடுக்கக் கூடாது. வேற ஆளப் போட்டுடு."

இவனுக்குப் புரிய வேண்டும் என்று எத்தனை மாதம் வேண்டினேன். புரிந்துவிட்டது. அந்த அறையில் உட்கார்ந்து, ஐயோ, இவனுக்கு மறுபடியும் ஒன்றும் தெரியாமல் போய்விடாதா என்று நினைத்தேன். இடது வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருப்பதும் அவனுக்குத் தெரியாது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஒரு அடி எடுத்து வைக்கப் போனவன், வைக்காமல் மேஜையைப் பிடித்துக்கொண்டான். காலையில் ராஜா மாதிரி நடந்துவந்த அதே அறைதான்.

"அக்கா, கையக் குடு. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியல."

நான் இடது பக்கமாகப் போய் அவன் கையைப் பிடித்தேன்.